படி மட்டும் வராது

எங்கள் வீட்டைத் தூக்கத் தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். என் புருஷன் பொனிரான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்.

யாரும் அவரைப் பூட்டி வைக்கவில்லை. கதவு, சன்னல் எல்லாம் திறந்துதான் கிடந்தன. சாமான்களை முதல் நாளே நான் புது இடத்துக்கு அனுப்பியாயிற்று. மிஞ்சியது நடுக்கூடத்தில் ஒரு பாயும் அதன்மேல் அவரும்தான். நிப்பாப் பனை ஓலையில் புகையிலையைச் சுருட்டிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியவர் மாதிரி சாவகாசமாக இருந்தார்.

"வெளியே வாங்க" என்றேன்.

"நாள் சரியில்ல, கம்சானி அம்மா" என்றார்.

ஐந்து வாரமாக இதே பாட்டு. எங்கள் ஜாவாக்காரர்களுக்கு ஏழு நாள் வாரம் ஒன்று, ஐந்து நாள் வாரம் ஒன்று. இரண்டையும் கூட்டிக் கழித்து வீடு மாற்ற நாள் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் பொனிரான் கணக்குப் போட்டால் எந்தச் சனிக்கிழமையும் தேறுவதில்லை. ஒரு சனிக்கிழமை திருட்டுப் போகும். அடுத்தது நோய் வரும். அதற்கடுத்தது, நான் நேரில் கேட்டேன், "பொதுவா நல்லால்ல" என்றார்.

கால்வாயை அகலப்படுத்துகிறார்கள். வாக் தூமின் கால்வாய்க் கரையில் இருந்த பதினாலு வீடும் பின்வாங்கியாக வேண்டும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. வருஷம் முழுக்க மலேசியாவில், எங்கள் ஜொகூரில் எங்கே பார்த்தாலும் எதையாவது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று வீடு போய்விட்டது. எங்கள் வீடு மட்டும், எல்லாரும் எழுந்துபோன பந்தியில் கடைசி ஆள் மாதிரி நின்றது. திங்கட்கிழமை மண்வாரி இயந்திரம் வரும். அது முன்னால் இருப்பது வீடா வைக்கோலா என்று பார்க்காது.

அந்த வீடு போனால் எனக்கு வேறு வீடு கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் மரம் அறுத்து, பலகை இழைத்து வீடு கட்டுகிற வயசு எங்களுக்கு இல்லை. தூக்கிக் கொண்டுபோய் அரை மைல் உள்ளே, தென்னந்தோப்பில் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்கு நான் வாகிரா, ஆனால் எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளை பெயரைச் சொல்லி அம்மா, அப்பா என்போம். கம்சானி எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனான். அன்றிலிருந்து நான் அவரைக் "கம்சானி அப்பா" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். "இந்தாங்க", "ஏங்க", "உங்களத்தான்" இவற்றை வைத்தே ஒன்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன். அவர் மட்டும் ஒருநாள் தவறாமல், ஒரு வேளை தவறாமல் "கம்சானி அம்மா". சோறு போடு கம்சானி அம்மா. சட்டை எங்கே கம்சானி அம்மா. வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிள்ளை ஏன் போனான் என்றால், என் வாயால் போனான். பெண் பார்த்து, தேதி குறித்து, பலகாரத்துக்கு அரிசி ஊறப்போட்ட பிறகு, "கல்யாணம் வேணாம்மா, கப்பல்ல வேலைக்குப் போறேன்" என்றான். நான் வாசல் படியில் நின்று, கால்வாயின் அந்தக் கரைக்கும் கேட்கிற மாதிரி, "போறதுன்னா போ. போனா இந்தப் படிய இன்னொரு தடவ மிதிக்காத" என்றேன். போய்விட்டான். இரண்டு கடிதம் வந்தது. இரண்டும் அப்பா பெயருக்கு. பிறகு அதுவும் இல்லை. ஊறப்போட்ட அரிசியைக் கோழிக்குப் போட்டேன்.

அந்தப் படியைப் பற்றியும் கொஞ்சம். வீடு மரவீடு, கட்டைக்கால் மேல் நிற்பது. படி மட்டும் சிமெண்டு. ஐந்து படி. உடைந்த பூ ஓடுகளைப் பொறுக்கிப் பதித்து பொனிரான் தன் கையால் கட்டியது. கரையில் அந்த மாதிரிப் படி வேறு யாருக்கும் கிடையாது. படிக்கு இடது பக்கம் நான் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுவேன். "அங்க ஊத்தாத, கம்சானி அம்மா" என்பார். "அப்ப எங்க ஊத்துறது, உங்க தலையிலயா?" என்பேன். முப்பது வருஷமாக இது தினசரிச் சண்டை. படி அழுக்காகிவிடும் என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றுவேன்.

முந்தின நாள் ஹாஜி டர்ஹாம் வந்து அளவு பார்த்தபோதே சொல்லிவிட்டார். "வீடு வரும். படி மட்டும் வராது."

"ஏன் வராது?"

"அது பூமியில ஒட்டியிருக்கு வாகிரா. வீட்டத் தூக்கலாம், பூமியத் தூக்க என்கிட்ட ஆள் இல்ல."

ஹாஜி டர்ஹாம் பஞ்சார்க்காரர். வீடு தூக்குவதற்கு அவர்தான் எங்கள் வட்டாரத்தில் தலைவர். இருபத்திரண்டு வீடு தூக்கியிருக்கிறார். அதில் ஒன்றுதான் பிசகியது, அதுவும் எண்ணிக்கையால்.

எங்கள் கால்வாயில் மூன்று கூட்டம். ஜாவாக்காரர்கள், பஞ்சார்க்காரர்கள், மலாய்க்காரர்கள். மரவள்ளிக்கிழங்குக்கே மூன்று பெயர் வைத்திருக்கிறோம், யார் பெயர் சரி என்று கல்யாண வீட்டில் அடித்துக்கொள்வோம். அந்தப் பிசகிய வீட்டைத் தூக்கும்போது "மூன்று எண்ணியதும் தூக்குங்க" என்றார்கள். ஒவ்வொரு பக்கமும் அவரவர் பாஷையில் எண்ணியது. ஜாவாக்காரர்கள் நிதானமாக எண்ணி முடிப்பதற்குள் பஞ்சார்க்காரர்கள் தூக்கிவிட்டார்கள். மலாய்க்காரர்கள் இரண்டில் நின்று யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீடு சாய்ந்து, உள்ளே இருந்த அலமாரி தானாக நடந்து சன்னல் வழியாக வெளியே வந்தது.

அதற்குப் பிறகுதான் ஹாஜியார் யோசித்து, எண்ணவே வேண்டாம், மூன்று கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லித் தூக்கலாம் என்றார். தேடிப் பார்த்தால் அப்படி ஒரு வார்த்தை கையிலேயே இருந்தது. பிண்டா. ஓர் இடம் விட்டு இன்னோர் இடம் போவதற்கு மூன்று பேருக்கும் அதே வார்த்தைதான். எங்கள் தாத்தாக்கள் ஜாவாவிலிருந்து அதைக் கொண்டுவந்தார்கள், பஞ்சார்க்காரர்கள் போர்னியோவிலிருந்து கொண்டுவந்தார்கள், வந்து பார்த்தால் மலாய்க்காரர்களிடம் அது முன்பே இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு வேறு எந்த வார்த்தையில் ஒற்றுமை இருக்கும்?

கூடவே ஒரு சட்டமும் போட்டார். அந்த வார்த்தையை வீட்டுக்குச் சொந்தக்காரர்தான் கத்த வேண்டும். புருஷன் பெண்டாட்டி இருவர் என்றால் இருவரும். "மனசில்லாதவன் வீட்டத் தூக்கினா அது உதவி இல்ல, திருட்டு" என்றார் ஹாஜியார். எல்லாரும் ஆகா என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பின்னால் என் கழுத்துக்கே வரும் என்று யார் கண்டது.

ஆக, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வீட்டுக்கு அடியில் குறுக்கும் நெடுக்கும் நிபோங் மரக்கழிகள் கட்டியாயிற்று. தொண்ணூறு பேர் கழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். தோப்பில் பதினெட்டுத் தாம்பாளத்தில் சோறு குவித்து, கோழி, சோயா தெம்பே, வறுத்த மீ நூடுல்ஸ் எல்லாம் வைத்து வாழை இலையால் மூடியிருந்தது. ஐந்து பேருக்கு ஒரு தாம்பாளம். பக்கத்து வீட்டு ரொக்கியா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் மலாய்க்காரி, வாயும் என் வாய்க்குச் சளைத்ததில்லை.

"பிண்டா!" என்று நான் கத்தினேன்.

தொண்ணூறு பேரும் தோளைக் கொடுத்து, வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல் வருகிறதா என்று காத்திருந்தார்கள். வரவில்லை. புகை மட்டும் சன்னல் வழியாக வந்தது. தோளை எடுத்தார்கள்.

"என்ன ஹாஜியாரே, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? தூக்குங்க!"

"சட்டம் இருக்கேம்மா."

"நீங்க போட்ட சட்டம்தானே?"

"நான் போட்டதாலதான் என்னால மீற முடியல."

வரிசையிலிருந்து ஒருவன், "அவரோட சேத்துத் தூக்கிருவோம் அக்கா, என்ன, அறுவது கிலோ இருப்பாரா?" என்றான்.

"அம்பத்தஞ்சுதான்" என்றாள் ரொக்கியா. "இவ சமைக்கிற லட்சணத்துக்கு."

"அடி போடி, நீ சமைச்சுத்தான் உன் புருஷன் தூணு மாதிரி நிக்கிறானாக்கும்" என்றேன். ரொக்கியாவின் புருஷன் மூன்றாவது கழியில் குந்தியிருந்தவர், இது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் மாதிரிக் கால்வாயைப் பார்த்தார்.

ஹாஜியார் சன்னலுக்குக் கீழே போனார். "பொனிரான், வெயில் ஏறுது."

"ஏறட்டும் ஹாஜியாரே."

"சோறு ஆறுது."

"நீங்கள்லாம் சாப்பிடுங்க. எனக்குப் பசிக்கல."

"வீட்டத் தூக்காம சாப்பிட்டா அது என்ன சாப்பாடு?"

ஹாஜியார் திரும்பி வந்து, "பேச்சு நடந்துக்கிட்டிருக்கு" என்று கூட்டத்துக்கு அறிவித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படியேறி உள்ளே போனேன். வெற்று வீட்டில் என் காலடி எனக்கே பெரிதாகக் கேட்டது.

"உங்களுக்கு என்னதான் வேணும்? வீடு வேணாமா? திங்கக்கிழமை அந்த மிஷின் வந்து அள்ளிக் கொட்டுறத வேடிக்க பாக்கணுமா? தொண்ணூறு பேரு முன்னால மானம் போகுது!"

அவர் சுருட்டை அணைத்தார். அணைப்பதற்கே ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

"பாலத்துலேர்ந்து மூணாவது வீடு" என்றார்.

"என்னது?"

"அவனுக்குத் தெரிஞ்சது அதுதான். வந்தான்னா பாலத்துல எறங்கி, மூணாவது வீட்டப் பாப்பான். ஒண்ணும் இருக்காது. தண்ணிதான் ஓடும். அப்படியே அடுத்த பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிப் போயிருவான்."

"யார்கிட்டயாவது கேக்க மாட்டானா?"

"கேக்க மாட்டான். உன் புள்ள."

உண்மையைச் சொன்னால் சண்டை போடவும் வழியில்லை. அவர் தொடர்ந்தார். "அவன் நஞ்சுக்கொடி இங்க கெடக்கு. நம்ம மட்டும் போயிட்டா, அவனுக்குன்னு திரும்பி வர எடம் எது?"

வெளியில் தொண்ணூறு பேர் இருக்கும்போது இதைச் சொல்கிறாரே என்று இருந்தது. ஆனால் ஒரு வழி கிடைத்துவிட்டது என்றும் இருந்தது. எங்களுக்குள் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியை ஒரு மண்சட்டியில் வைத்து அப்பன்தான் புதைக்க வேண்டும். ஆண்பிள்ளை என்றால் வாசலுக்கு வலது பக்கம், பெண்பிள்ளை என்றால் இடது பக்கம். முப்பத்தைந்து ராத்திரி அந்த இடத்தில் விளக்கு வைப்போம். வலது பக்கம் அந்த விளக்கு எரிந்ததைப் படுத்த இடத்திலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

"அவ்வளவுதானே?" என்றேன். "சட்டியத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போவோம்."

அவர் முகம் மாறியது. "வேணாம், கம்சானி அம்மா."

நான் நிற்கவில்லை. வெளியே வந்து யாரிடமோ மண்வெட்டியை வாங்கி, படிக்கு வலது பக்கம் வெட்ட ஆரம்பித்தேன்.

"வாகிரா வாசல்ல என்ன நடுறா?" என்று ஒருவர் கேட்டார்.

"நடல, எடுக்குறேன். எம் புள்ள சட்டி."

ஜாவாக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஹாஜியார் இந்த மாதிரி விஷயமெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று வெள்ளிக்கிழமை பேசுவார். அன்று சனிக்கிழமை, சும்மா இருந்தார். அவர் வீட்டு வாசலிலும் ஏழு சட்டி கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

முழங்கால் ஆழம் வெட்டினேன். ஒன்றும் இல்லை. இரண்டு இளவட்டங்கள் மண்வெட்டியை வாங்கி இடுப்பளவு வெட்டினார்கள். ஒரு சிப்பி, ஒரு ரப்பர் செருப்பு. சட்டி இல்லை. இன்னும் இந்தப் பக்கம், இன்னும் அந்தப் பக்கம் என்று வலது பக்கம் முழுவதும் மீன் குட்டை மாதிரி ஆகிவிட்டது.

நஞ்சுக்கொடியும் போய்விட்டதா? அதற்கும் அந்தப் படியை மிதிக்காதே என்று நானா சொன்னேன்?

சன்னலில் அவர் தலை தெரிந்தது.

"அங்க இல்ல" என்றார்.

"பின்ன எங்க?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் பொம்பளப்புள்ளைக்கு!"

"தெரியும்."

பொனிரான் அதிகம் பேசுகிறவர் இல்லை. கூட்டத்துக்கு முன்னால் அவர் சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"மருத்துவச்சி 'வலது பக்கம்'னா. நான் கெணத்துலேர்ந்து சட்டியக் கழுவி எடுத்துக்கிட்டு வீட்டப் பாத்து வந்தேன். தலப்புள்ள. என் வலது கைப் பக்கம் தோண்டிப் பொதச்சேன். மறுநாள் காலையில வாசல்லேர்ந்து எறங்குறப்பத்தான் தெரிஞ்சுது, உள்ளேர்ந்து வந்தா அது எடது பக்கம்னு."

"உடனே மாத்திப் பொதைக்க வேண்டியதுதானே?" என்றார் ஹாஜியார், தன்னை மறந்து.

"பொதச்சதக் கிளறினா புள்ளைக்குக் காய்ச்சல் வரும்னாங்களே. பயந்துட்டேன். யாருக்கும் தெரியாம இருக்கணும்னு வெளக்க மட்டும் சரியான பக்கம் வச்சேன்."

முப்பத்தைந்து ராத்திரி நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது வெறும் மண்ணுக்கு எரிந்த விளக்கை.

இதற்குள் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வலது என்றால் வெளியே வரும்போதா, உள்ளே போகும்போதா என்று ஜாவாக்காரர்களுக்குள்ளேயே வாக்குவாதம். ஒருவர் தன் நாலு பிள்ளைகளுக்கும் உள்ளே போகும் கணக்கில்தான் புதைத்ததாகச் சொன்னார். அந்த நாலு பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று இன்னொருவர் விசாரித்தார். நாலும் ஊரோடுதான் இருக்கிறது, வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறது, அதுதான் தொல்லையே என்றார் அவர்.

என் காதில் அது பாதிதான் விழுந்தது. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பான பக்கம் பொதச்ச புள்ள வீட்ல தங்காதுன்னு அப்பவே சொல்லுவாங்க" என்றார். இப்போது குரல் எனக்கு மட்டும். "அதான் போயிட்டான். உன் வாயால இல்ல. ஒம்பது வருஷமா சொல்லணும்னு இருந்தேன். சொன்னா நீ என்னக் கொன்னுடுவன்னு சொல்லல."

நான் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை, தொண்ணூறு பேர் பார்த்தார்கள். ஒன்பது வருஷமாக நான்தான் பிள்ளையை விரட்டினேன் என்று ஒரு கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அதே வீட்டில், அதே பாயில், இந்த மனுஷன் அதற்குச் சரியாக இன்னொரு கல்லை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. பாத்திரம் கழுவின தண்ணீர்ச் சண்டைதான் உண்டு.

அப்போதுதான் அந்தத் தண்ணீர் ஞாபகம் வந்தது.

"ஐயோ" என்றேன். "முப்பது வருஷமா எம் புள்ள மேல எச்சித் தண்ணி ஊத்தியிருக்கேனே, பாவி மனுஷா, சொல்லக் கூடாதா?"

"தெனம்தானே சொன்னேன்."

"காரணத்தச் சொன்னீங்களா?"

"காரணம் கேட்டியா?"

ரொக்கியா தோப்பிலிருந்து குரல் கொடுத்தாள். "சோத்துல ஈ உக்காருது, சண்டைய அங்க போயிப் போடுங்க!"

இடது பக்கத்தை நானே வெட்டினேன், யாரையும் விடவில்லை. ஒரு முழத்திலேயே தட்டுப்பட்டது. சட்டி உடையவில்லை, மேல் மூடி மட்டும் விரிசல். உள்ளே கறுப்பு மண், துருப்பிடித்த ஊசி ஒன்று, விரல் நீளப் பென்சில் ஒன்று. வேறொன்றும் மிஞ்சவில்லை. படிப்பு நன்றாக வர வேண்டும் என்று பென்சில் போட்டுப் புதைப்பது வழக்கம். கம்சானி ஒரே பரீட்சையில் மூன்று தடவை தேறாமல் போனவன்.

சட்டியை எடுத்துக்கொண்டு படியேறினேன். அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டை நுனியால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் என்ன?" என்றேன்.

"யாராவது பிடிச்சுக்கணும்ல. கைமாறி ஆள் மாறிப் போனா ஒடஞ்சுரும். நான் இப்படியே வந்துர்றேன்."

ஹாஜியார் வாசலுக்கு வந்தார். "வீட்டுக்குள்ள ஆள் இருக்கும்போது தூக்குற வழக்கம் இல்ல" என்றார். பிறகு சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சரி, நடுவுல உக்காருங்க. ஓரமா சாயாதீங்க. அலமாரி பண்ணின வேலைய நீங்க பண்ணிராதீங்க."

நான் கீழே இறங்கினேன். ஐந்து படியும் இறங்கி, திரும்பி நின்றேன். தொண்ணூறு பேரும் கழிக்கடியில் தோளைக் கொடுத்துவிட்டார்கள்.

'இந்தாங்க' என்று வாய் வரை வந்தது. அதை விழுங்கினேன்.

"கம்சானி அப்பா!" என்றேன். "சொல்லுங்க!"

ரொக்கியா ஈ ஓட்டுவதை நிறுத்தினாள். பிறகு இரண்டு குரலும் ஒன்றாக வந்தது, என்னுடையதும் அவருடையதும்.

"பிண்டா!"

வீடு எழுந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த கற்களை விட்டு, ஒரு பக்கமும் சாயாமல், ஒரே மூச்சில் எழுந்தது. தென்னை மரங்களுக்கு நடுவில் கூரை நகர்ந்து போனது. மூன்று இடத்தில் இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். ஒவ்வொரு இடத்திலும் சன்னல் வழியாகப் பொனிரானுக்குக் காப்பி கொடுத்தார்கள். அவரும் வாங்கிக் குடித்துவிட்டு, "பாத்துத் தூக்குங்கப்பா" என்று நல்ல வார்த்தையாக நாலு புத்திமதி சொன்னார். ரொக்கியாவின் புருஷன் முதல்முறையாக வாய் திறந்து, "எறங்கி ஒரு கை குடுத்தா என்ன?" என்றார். "கை காலியா இல்ல" என்றார் இவர்.

பகல் பன்னிரண்டுக்குள் வீடு புதுக்கற்களில் உட்கார்ந்துவிட்டது. சோறு ஆறிப்போயிருந்தது, ஆனாலும் பதினெட்டுத் தாம்பாளமும் காலி. சட்டியை எந்தப் பக்கம் புதைப்பது என்று இன்னொரு மாநாடு கூடப் பார்த்தது. நான் அவரை வாசலில் நிறுத்தி, முதுகை வீட்டுக்குக் காட்டச் சொல்லி, வலது கையை நானே பிடித்துத் தூக்கி, "இந்தப் பக்கம்" என்றேன். ஊசியும் மண்ணும் சட்டியோடு போயிற்று. பென்சிலை நான் எடுத்துக்கொண்டேன்.

வாசலுக்கு இளவட்டங்கள் தென்னம்பலகையில் நாலு படி அடித்துக் கொடுத்தார்கள். பூ ஓடு எதுவும் இல்லை. ஒரு படி ஆடியது.

மறுநாள் காலை நானும் அவரும் பாலத்துக்குப் போனோம். பழைய இடத்தில் அந்தச் சிமெண்டுப் படி தனியாக நின்றது. ஐந்து படி ஏறினால் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கம் காற்றுதான். இயந்திரத்தை முந்தின ராத்திரியே கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான் அந்தப் படியைச் சற்று நேரம் பார்த்தேன். மிதிக்காதே என்று நான் சொன்ன படி அதுதான். வேறு எந்தப் படியைப் பற்றியும் நான் எப்போதும் ஒன்றும் சொன்னதில்லை.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகையைப் பாலத்துக் கைப்பிடியில் சாய்த்து, அந்தப் பென்சிலால் எழுதினேன். முப்பத்தொரு வருஷம் மண்ணில் கிடந்தும் நன்றாகவே எழுதியது. அந்த எழுத்தின்மேல் அவர் கறுப்புச் சாயம் தீட்டினார்.

கம்சானி. பிண்டா. உள்ளே அரை மைல். படி புதுசு. அம்மா.

அவர் ஒருமுறை படித்தார், மறுபடி படித்தார். "படி புதுசுன்னு எதுக்குப் போட்டிருக்க? தூரம் மட்டும் போட்டாப் போதாதா, கம்சானி அம்மா?"

"அவனுக்குப் புரியும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் கத்தியது கால்வாயின் அந்தக் கரைக்கே கேட்டது, உள்ளே உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும். பலகையைக் கைப்பிடியோடு பிடிக்கச் சொல்லி நாலு மூலையிலும் ஆணி அடித்தார். பிறகு சட்டைப் பையில் துழாவி இன்னும் இரண்டு ஆணி எடுத்து, நடுவிலும் அடித்தார்.